ஏழேழு வயதாக எண்ணியவர்

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் விவரங்கள் வெளிவரும் வரையில் பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, முதியோர் ஓய்வூதியம் என எதைத் திட்டமிடுவதானாலும் 2011-ஆம் ஆண்டின் எண்களே துணை. நான் குடியிருக்கும் சேக்காடு அப்போது ஆவடி நகராட்சியில் அடங்கியிருந்தது. 2019-இல் அந்நகராட்சி மாநகராட்சியாயிற்று. 2011 கணக்குப்படி ஆவடியின் மக்கள்தொகை 3,45,996. அவர்களில் 6 வயது வரையிலான குழந்தைகள் ஏறத்தாழ 36 ஆயிரம் பேர். ஊர், வார்டு அளவில் வெளியிடப்படும் அடிப்படைத் தொகுப்பில் வயதைப் பற்றி இதற்கு மேல் செய்தி கிடையாது. 6 வயது வரை எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்பதோடு அது நின்றுவிடும்.

ஆனால், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கேட்பது 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளை. தேர்தல் ஆணையம் கேட்பது 18 வயது நிரம்பியோரை. மூத்த குடிமக்கள் என்றால் 60. மாவட்ட அளவில் கிடைக்கும் அட்டவணையோ 5-9, 10-14, 15-19 என்று ஐந்தைந்து வயதாக நிற்கிறது. சட்டத்தின் வயது வேறு, அட்டவணையின் வயது வேறு. கையிலிருக்கும் வயதுத் தொகுதியை வேண்டிய வயதுத் தொகுதியாக மாற்றுவது இன்று கணினியில் நான்கைந்து வரி நிரலில் முடிகிற வேலை. அதை 333 ஆண்டுகளுக்கு முன்பு தாளும் இறகுப் பேனாவும் கொண்டு செய்தவரை உலகம் ஒரு வால்நட்சத்திரத்தின் பெயரால் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அவர் எட்மண்ட் ஹேலி.

1656-இல் லண்டனை அடுத்த ஹேகர்ஸ்டனில் ஹேலி பிறந்தார். தந்தை சோப்புத் தொழிலில் செல்வம் ஈட்டியவர். புனித பால் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டு குயின்ஸ் கல்லூரியிலும் படித்த மகன், பட்டம் பெறும் முன்பே, 20 வயதில் படிப்பை விட்டுவிட்டுத் தென் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பல் ஏறினார். தென்வானத்து விண்மீன்களை ஒழுங்காகப் பட்டியலிட வேண்டும் என்பது நோக்கம். மன்னர் இரண்டாம் சார்லஸின் கடிதம் பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் இடம் பிடித்தார். சென்னைப் பட்டினத்திலிருந்து திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் தண்ணீர் நிரப்பிக்கொள்ள ஒதுங்கிய தீவு அது. மேகம் பெரும்பாலும் விலகாத அந்தத் தீவில் ஓராண்டுக்கும் மேல் தங்கி 341 விண்மீன்களின் இடங்களை அளந்து வந்தார். மன்னரின் ஆணையால் தேர்வு எழுதாமலே முதுகலைப் பட்டம் கிடைத்தது. 22 வயதில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

1684-இல் அவருடைய தந்தை காணாமற்போய், பின்னர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். சொத்து வழக்குகள் தொடர்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ஹேலி கேம்பிரிட்ஜுக்குச் சென்று நியூட்டனைச் சந்தித்தார். கோள்களின் பாதை குறித்து அவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்ததே 1687-இல் வெளிவந்த பிரின்சிபியா. அந்நூலை அச்சிட ராயல் சொசைட்டியிடம் பணம் இல்லை. மீன்களைப் பற்றிய படங்கள் நிறைந்த ஒரு பெரிய நூலில் முதலை முடக்கிவிட்டிருந்தது. அச்சுச் செலவை ஹேலி தம் கையிலிருந்து கொடுத்தார். மெய்ப்புத் திருத்தி, நியூட்டனுக்கும் ஹூக்குக்கும் மூண்ட சச்சரவைத் தணித்து நூலைக் கரை சேர்த்தவரும் அவரே. சங்கத்தின் எழுத்தராகப் பணியாற்றிய அவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விற்காமல் தேங்கிய மீன் நூலின் 50 பிரதிகள் தரப்பட்டன. பொருளாதாரம் கற்பித்த எனக்கு, பண்டமாற்றுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

நம் பொருளுக்கு உரிய ஆண்டு 1693. அன்று ஹாப்ஸ்பர்க் பேரரசரின் ஆட்சியில் இருந்த பிரெஸ்லாவ், இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப். அந்நகரில் காஸ்பர் நோய்மன் என்னும் பாதிரியார், பிறப்பு இறப்புக் குறிப்புகளை, இறந்தவரின் வயதோடு சேர்த்துத் தொகுத்து வந்தார். மனித வாழ்வில் ஏழேழு ஆண்டுக்கு ஒரு கண்டம் வரும் என்ற பழைய நம்பிக்கை உண்மைதானா என்று பார்ப்பது அவருடைய நோக்கம். லைப்னிட்ஸ் வழியாக ராயல் சொசைட்டியை எட்டிய அக்குறிப்புகள் ஹேலியிடம் வந்து சேர்ந்தன. 1687 முதல் 1691 வரை ஐந்து ஆண்டுகளில் 6,193 பிறப்பு, 5,869 இறப்பு.

இதற்கு முன்பே லண்டனில் ஜான் கிரான்ட், 1662-இல் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்திருந்தார். ஆனால், லண்டன் பட்டியலில் இறந்தவரின் வயது இல்லை. மேலும், பிழைப்புத் தேடி வெளியூரார் வந்து குவியும் நகரத்தில் பிறப்பையும் இறப்பையும் வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது. அங்கே இறப்பவர்களில் பலர் அங்கே பிறந்தவர்கள் அல்லர். பிரெஸ்லாவ் கடலிலிருந்து விலகிய ஊர்; வந்தேறுவோர் குறைவு; பிறப்பும் இறப்பும் ஏறக்குறையச் சமம். இந்த வேறுபாட்டை உணர்ந்து தரவைத் தேர்ந்ததே ஹேலியின் முதல் திறமை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிப் படைத்துறைத் தொழிற்சாலைகளும் ஈர்த்த மக்களால் வளர்ந்த நம் மேற்குப் புறநகர், இந்த வகையில் பிரெஸ்லாவைவிட லண்டனுக்கே நெருக்கம்.

ஆண்டுக்குச் சராசரி 1,238 குழந்தைகள் பிறந்தன. அவற்றில் 348 முதல் ஆண்டிலேயே இறந்தன. எஞ்சிய 890-இல் அடுத்த ஐந்தாண்டுகளில் 198 மறைய, ஆறு வயது நிறைந்து ஏழாம் வயதில் கால் வைத்தவை 692. இப்படியே வயது வயதாக இறங்கி, ஒவ்வொரு நடப்பு வயதிலும் உயிரோடிருப்போர் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை அமைத்தார். நடப்பு வயது என்பது நமக்குப் புதிதன்று. எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதே கணக்கு. மூலக் குறிப்புகளில் சில வயதுகளில் இறப்பு திடீரென ஏறியும் இறங்கியும் இருந்தது. அவை தற்செயலான ஏற்ற இறக்கங்கள், பல ஆண்டுத் தரவு சேர்ந்தால் சமன்படும் என்று கருதி, அவற்றைச் சீர்செய்தார். எந்த விதியால் சீர்செய்தார் என்பதை மட்டும் அவர் எழுதிவைக்கவில்லை.

பிறகு அட்டவணையை ஏழேழு வயதாகக் கூட்டினார். முதல் ஏழு நடப்பு வயதினர் 5,547, அடுத்த ஏழில் 4,584, அதற்கடுத்து 4,270. இப்படியே சென்று 84 வயதுக்கு மேற்பட்டோர் 107 பேர். மொத்தம் 34,000. அதுவே பிரெஸ்லாவின் மக்கள்தொகை என்றார். வீடு வீடாக எண்ணாமல், பிறப்பு இறப்பு ஏடுகளிலிருந்தே பெற்ற எண் அது. முதல் வரியில் உள்ள ஏழு நடப்பு வயதுகளும் நம் கணக்கெடுப்பின் நிறைவு வயது 0 முதல் 6 வரையும் ஒன்றே. பிரெஸ்லாவில் அவர்கள் மொத்தத்தில் 16 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2011 ஆவடியில் ஏறத்தாழ 10 விழுக்காடு.

அட்டவணையின் முதல் பயனாக அவர் எடுத்துக்கொண்டது படைபலத்தை. நகரில் ஆயுதம் ஏந்தத் தக்கவர் எத்தனை பேர்? வயது வரம்பு 18 முதல் 56. இங்குதான் சிக்கல். 56 என்பது ஏழின் மடங்கு. அங்கே தொகுதி தானாக முடிகிறது. அதற்கு மேற்பட்ட தொகுதிகளைக் கூட்டினால் 3,950. ஆனால், 18 எந்த மடங்கிலும் விழவில்லை; 15 முதல் 21 வரையிலான தொகுதியின் நடுவே நிற்கிறது. அத்தொகுதியில் 4,270 பேர். ஏழால் வகுத்தால் வயதுக்கு 610. மூன்று வயதுக்கு 1,830 என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஹேலி அப்படிச் செய்யவில்லை. ஒற்றை வயது வரிகளுக்குத் திரும்பிச் சென்று 15, 16, 17 ஆகிய மூன்றையும் கூட்டினார்: 628, 622, 616, ஆக 1,866. முந்தைய இரு தொகுதிகளோடு சேர்த்தால் 18-க்குக் கீழ்ப்பட்டோர் 11,997. இளையோரையும் முதியோரையும் 34,000-இலிருந்து கழிக்க 18,053. அதில் பாதி ஆண்கள் எனக் கொண்டு 9,027 பேர்.

36 பேர் வித்தியாசத்துக்கு இத்தனை சிரமம் ஏன் என்று கேட்கலாம். இளமைப் பருவத்தில் இறப்பு குறைவு. ஆகவே அடுத்தடுத்த வயதுகளில் எண்ணிக்கை மெல்லத்தான் சரிகிறது. சமமாகப் பிரித்தாலும் பெரிய பிழை வராது. அதே முறையை முதல் தொகுதியில் செய்து பார்த்தால் தெரியும். 5,547-ஐ ஏழால் வகுத்து மூன்றால் பெருக்கினால் முதல் மூன்று வயதுக் குழந்தைகள் 2,377. ஹேலியின் வரிகளில் இருப்பதோ 1,000, 855, 798, கூட்டினால் 2,653. 276 குழந்தைகள் கணக்கிலிருந்து காணாமற்போகிறார்கள்; பத்தில் ஒரு பங்குக்கு மேல். தடுப்பூசியோ பாலோ அந்த எண்ணை நம்பி அனுப்பப்பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அட்டவணையின் மற்றொரு பயன் அரசின் கருவூலத்தைத் தொட்டது. பிரான்ஸுடன் போரிடப் பணம் தேடிய ஆங்கில அரசு, 100 பவுன் கட்டுவோருக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 14 பவுன் தருவதாகச் சொல்லிக் கடன் திரட்டியது. கட்டுபவரின் வயதைக் கேட்கவில்லை. 6 விழுக்காடு வட்டியில் ஹேலி கணக்கிட்டார். 10 வயதுப் பிள்ளையின் பெயரில் வாங்கும் ஆண்டுத்தொகை, ஒரு பவுனுக்கு 13.44 பவுன் பெறும். 60 வயதில் 7.60, 70 வயதில் 5.32. அதாவது, 100 பவுனுக்கு அரசு விற்ற பத்திரம் 10 வயதுப் பிள்ளைக்கு 188 பவுன் பெறுமானம். 70 வயது முதியவருக்கு 74 பவுன்தான். குழந்தையின் பெயரில் முதலிடத் தெரிந்த செல்வந்தருக்குக் கருவூலம் வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அரசு இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வயது பாராமல் ஆண்டுத்தொகை விற்பது அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது. வயதுக்கேற்ற பிரீமியம் என்று இன்று எல்.ஐ.சி. முகவர் நம்மிடம் நீட்டும் அட்டவணைக்கு மூதாதை இந்தக் கட்டுரைதான்.

குறையும் உண்டு. பிறப்பு இறப்பைவிட ஆண்டுக்கு 64 கூடுதலாக இருந்ததை அவர் கண்டார். பேரரசரின் படைக்குச் செல்வோரால் அது ஈடாகலாம் என்று சொல்லி, மக்கள்தொகை மாறாமல் நிற்பதாகவே வைத்துக்கொண்டார். கணக்கின் அடித்தளமே அந்த ஊகம். ஆனால், ஊகத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய அறிக்கைகள் பலவற்றில் இது கூட இருப்பதில்லை.

இதே சிக்கலை இந்தியா வேறு வழியில் சந்தித்தது. நம் மக்களிடம் வயதைக் கேட்டால் 30, 35, 40 என்று முழு எண்ணில் சொல்வார்கள். 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகள் வீங்கியும் 29, 31 போன்றவை ஒட்டியும் தோன்றும். ஜே.எச். ஹட்டன் ஆணையராக இருந்து நடத்திய 1931 கணக்கெடுப்பில் இதற்கு ஒரு புதிய உத்தி கையாளப்பட்டது. நிறைவு வயதைக் கேட்காமல், மிக அருகிலுள்ள பிறந்தநாளின்படி வயது பதியப்பட்டது. பின்னர் 4-6, 7-13, 14-16, 17-23, 24-26 என்று மூன்று வயதும் ஏழு வயதும் மாறி மாறி வரும் தொகுதிகளாக அவை பிரிக்கப்பட்டன. வீங்கிய வயதுகளான 5, 10, 15, 20, 25 ஆகியவை ஒவ்வொரு தொகுதியின் நடுவிலும் அமையும். இரு பக்கமும் இழந்ததை நடு எண் வைத்திருப்பதால் தொகுதியின் மொத்தம் சரியாக இருக்கும். வழக்கமான ஐந்து வயதுத் தொகுதி வேண்டுமென்றால், அடுத்தடுத்த இரண்டில் பாதிப் பாதியைக் கூட்ட வேண்டும். 7-13 என்பது அருகிலுள்ள பிறந்தநாள் கணக்கில் ஆறரை முதல் பதின்மூன்றரை வரை. அதன் பிற்பாதி 10-இல் தொடங்குகிறது. 14-16-இன் முற்பாதி 15-இல் முடிகிறது. இரண்டு பாதியும் சேர்ந்தால் 10 முதல் 15.

அழகான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், பாதி என்பது உண்மையில் பாதிதானா? இறப்பு மிகுந்த அன்றைய இந்தியாவில் எந்தத் தொகுதியிலும் இளைய பாதியில்தான் ஆள் அதிகம். ஏழால் வகுத்து மூன்றால் பெருக்குவதில் உள்ள அதே பிழை இங்கே சிறிய அளவில் நுழைகிறது. முந்தைய கணக்கெடுப்புகளோடு 1931-இன் வயது விவரங்களை நேருக்கு நேர் ஒப்பிடவும் முடியாமற்போயிற்று. அந்த எண்களைக் கொண்டு இந்தியாவுக்கான ஆயுள் அட்டவணையை அமைத்தவர் காப்பீட்டுக் கணித வல்லுநர் எல்.எஸ். வைத்தியநாதன்.

இன்று பைத்தான் நிரலில் இந்த வேலையைச் செய்யும் மாணவர் மேற்கொள்ளும் வழி இது. தொகுதிகளை அப்படியே உடைப்பதில்லை. 5 வயதுக்குள் இத்தனை பேர், 10-க்குள் இத்தனை, 15-க்குள் இத்தனை என்று முதலில் திரட்டிக் கூட்டுகிறார். அப்புள்ளிகள் வழியாக ஒரு வளைகோடு வரைகிறார். 6-இலும் 15-இலும் அக்கோட்டின் உயரத்தைப் படித்துக் கழித்தால், நிறைவு வயது 6 முதல் 14 வரையிலானோர் கிடைக்கிறார்கள். மொத்தம் மாறாது, அதுவே இம்முறையின் பலம். கொடுத்த புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் வளைகோடு வரையும் விதியை நியூட்டன் பிரின்சிபியாவின் மூன்றாம் பாகத்தில் தந்திருக்கிறார். வால்நட்சத்திரத்தின் பாதையைக் கண்டறியவே அதை வகுத்தார் என்பதும், அந்நூலைப் பதிப்பித்தவர் ஹேலி என்பதும் வியப்பான பொருத்தம். நம் மேல்நிலை இரண்டாம் ஆண்டு வணிகக் கணிதத்தில் இடைச்செருகல் என்ற தலைப்பில் நியூட்டன் பெயரால் இருப்பவை இதே குடும்பத்துச் சூத்திரங்கள். சைன் அட்டவணைக்கு இரண்டாம் வேறுபாடு வரை கொண்டு இடைச்செருகும் முறையை ஏழாம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் சொல்லியிருப்பதைப் பாடநூல் ஒரு வரியிலாவது சேர்த்திருக்கலாம்.

நிரலுக்குத் தெரியாத சில உண்டு. வளைகோடு அளவுக்கு மீறி நெளிந்தால் ஏதோ ஒரு வயதில் ஆள் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். நிரல் அதையும் கூசாமல் அச்சிடும். 80-க்கு மேல் என்று முடிவற்று நிற்கும் கடைசித் தொகுதிக்கு எல்லையை நாம்தான் சொல்ல வேண்டும். பிறப்பு விகிதம் சரிந்து வரும் தமிழ்நாட்டில் 5-9 தொகுதியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கை 5 வயதினர் என்று நீக்கினால், நீக்கியது சற்று அதிகமாகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் அந்த அளவுக்குக் குறைவாகத் தோன்றுவார்கள். மாவட்டத்தின் வயது அமைப்பை அப்படியே ஒரு வார்டுக்குப் பொருத்தினால், புதிதாகக் குடியேறிய இளம் தம்பதிகள் நிறைந்த தெருவில் குழந்தைகள் குறைந்து போவார்கள். ஹேலிக்கு ஒற்றை வயது வரிகள் கையில் இருந்தன. வார்டு உறுப்பினருக்கு அவை இல்லை. வரும் கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலி வழியாக நடக்கவிருப்பதால், ஒற்றை வயது விவரத்தை வார்டு அளவிலும் வெளியிடுவதில் அச்சுச் செலவு என்ற பழைய தடை இனி இல்லை. கணக்கெடுப்புத் துறை இதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

ஹேலி மக்கள்தொகைக் கணக்கை மறுபடி ஆழமாகத் தொடவில்லை. அதற்கு முன்பே, 1691-இல், ஆக்ஸ்ஃபோர்டின் வானியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்து, சமயப் பற்றில் ஐயத்துக்குரியவர் என்ற பேச்சினால் அதை இழந்திருந்தார். செஸ்டர் நகர நாணயச் சாலையில் சிறிது காலம் அதிகாரியாக இருந்தார். 1698 முதல் பாரமோர் என்ற சிறு கப்பலுக்குத் தாமே தலைவராகி அட்லாண்டிக் கடலில் காந்த ஊசியின் விலகலை அளந்தார். 1701-இல் வெளிவந்த அந்த வரைபடத்தில் சம விலகல் உள்ள இடங்கள் கோடுகளால் இணைக்கப்பட்டிருந்தன. 1704-இல் அதே ஆக்ஸ்ஃபோர்டு அவரை வடிவகணிதப் பேராசிரியராக ஏற்றது. கிரேக்கக் கணிதர் அப்பலோனியஸின் நூல் ஒன்று அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே எஞ்சியிருந்ததால், நடு வயதில் அரபு கற்றுக்கொண்டு அதைப் பெயர்த்தார்.

1705-இல் வால்நட்சத்திரங்கள் பற்றிய நூல் வந்தது. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியவை ஒன்றே என்றும், 1758-இல் அது திரும்பும் என்றும் கூறினார். 1716-இல், சூரியனை வெள்ளி கடக்கும் நிகழ்வைப் பூமியின் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவு தெரியும் என்று எழுதி, 1761-லும் 1769-லும் வரவிருந்த கடப்புகளுக்கு இளைய தலைமுறையைத் தயார்ப்படுத்தினார். அந்த அழைப்பின் விளைவாகவே பிரெஞ்சு வானியலர் லெ ஜான்டி புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761-இல் ஊர் ஆங்கிலேயர் வசம் போய்விட்டதால் நடுக்கடலில் தவித்தார். எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்தினார். கடப்பு நிகழ்ந்த காலை வேளையில் மேகம் மூடிக்கொண்டது.

1720-இல், 63 வயதில், ஹேலி அரசு வானியலரானார். கிரீனிச் ஆய்வகத்தில் கருவிகள் ஏதும் இல்லை. அவை முந்தைய வானியலர் ஃபிளாம்ஸ்டீடின் சொந்தப் பொருள்கள் என்று குடும்பத்தார் எடுத்துச் சென்றிருந்தனர். புதிய கருவிகளை வாங்கி, நிலவை அதன் 18 ஆண்டுச் சுழற்சி முழுவதும் தொடர்ந்து நோக்கத் தொடங்கினார். முடிக்க ஆயுள் போதாது என்று எவரும் சொல்லக்கூடிய வயது அது, அவர் முடித்தார். 1742 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு 85. வால்நட்சத்திரம் 1758 டிசம்பர் 25 இரவு ஜெர்மானிய விவசாயி ஒருவரின் தொலைநோக்கியில் தென்பட்டது. பிரெஸ்லாவ் அட்டவணையில் அவருடைய வயதுக்கு உரிய வரி கடைசி வரி: 34,000 பேரில் 107 பேருக்காக அவர் ஒதுக்கியது.